குடிக்க உகந்ததல்ல

பீனியாவில் ஒரு பேரிங் கிடங்குக்கு மேலே
எங்கள் ஆய்வுக்கூடம்.
ஏப்ரல் பிறந்தால் பாட்டில்கள் வரிசை கட்டும்.
பெங்களூரின் தாகம்
அரை லிட்டர் அரை லிட்டராக
என் மேசைக்கு வரும், டேப் ஒட்டி, தேதி போட்டு.

திங்களன்று வந்தது சர்ஜாபுரச் சாலை.
நானூறு வீடுகள். ஆயிரத்து நானூற்றுப் பத்து அடி.
கொண்டுவந்தவர் செங்கோட்டுவேல்,
திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்.
இமைமயிரில்கூடப் பாறை மாவு.
சிரித்தபோதுதான் ஆள் தெரிந்தார்.

"எட்டடியிலயே கல்லு வந்துருச்சுங்க மேடம்.
அப்புறம் கல்லு, கல்லு, கல்லேதான்.
பிட்டு ரெண்டு தேஞ்சுபோச்சு.
மூணு நாளாப் புகைதான்.
நாலாம் நாள் விடியக்காலம் ஈரம் தட்டுச்சு."

அந்தக் கல்லுக்கு வயது
முந்நூறு கோடி வருஷம் என்றேன்.
"அப்படிங்களா" என்றார்.
"நமக்கு அடிக்குத்தானுங்க ரேட்டு."

சம்ப்புக் குழி வெட்டும்போது கிடைத்ததாம்,
சட்டைப்பையிலிருந்து எடுத்தார்:
கட்டைவிரல் நகமளவு வெள்ளைக் கல்.
பாட்டில் கழுத்து டேப்பை அதாலேயே கீறிக் கொடுத்தார்.
வாங்கிப் பார்த்தேன். ஒரு விளிம்பு முழுக்கப்
பொடிப்பொடியாகக் கொத்தின தடம்.
யாரோ உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி,
ஒவ்வொரு சில்லாகப் பெயர்த்திருக்கிறார்.
பக்கத்தில் மான் ஆறிக்கொண்டிருந்திருக்கும்.
ஈரல் யாருக்கு என்ற பேச்சு
அப்போதே தொடங்கியிருக்கும்.

அது இன்னும் முடியவில்லை. மாலையில்
குடியிருப்புச் செயலாளர் பெல்லியப்பா தொலைபேசியில்:
ரிப்போர்ட் இன்றே வேண்டும்,
டேங்கர் தண்ணீருக்காக ஏ பிளாக்கும் டி பிளாக்கும்
லிஃப்ட் வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்,
வாடகைக்காரர்களுக்கு அரைப் பங்கு போதும் என்று தீர்மானம்.
நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும் என்றேன்.
அவசரப்படுத்த முடியாதா என்றார்.
யாரை?

புதன் இரவு தட்டைத் திறந்தேன்.
சாக்கடைக் கிருமி இல்லை, அது எனக்குத் தெரிந்த முகம்.
இது துரு நிறம். கடுகளவு. அடர்ந்து.
டிரில் குழாயோடு மேலிருந்து போயிருக்கலாம்.
செங்கோட்டுவேலின் விரலாகவும் இருக்கலாம்.
குறிப்பில் அப்படித்தான் எழுதவும் வேண்டும்.
ஆனால் ஏழரை மணிக்குக்
கூடத்தில் தனியாக இருப்பவள்
கொஞ்சம் நம்பிக்கொள்ளலாம்:
சூரியன் என்று ஒன்று இருப்பதே தெரியாமல்
விரிசலில் கசிந்த ஈரத்தில்
கல்லின் இரும்பை நக்கிப் பிழைத்தவை.
இலைக்கு முன்னால், மூச்சுக்கு முன்னால்,
நாக்கே இல்லாத காலத்துப் பசி.
நூறு வருஷத்துக்கு ஒருமுறை
மெல்ல இரண்டானவை
அகார் விருந்தைக் கண்டதும்
இரண்டே நாளில் ஊராகிவிட்டன.

ஊர் என்று நாங்கள் எழுதுவதில்லை.
காலனி.

என் அப்பா பிறந்த இடத்துக்கும் அதுதான் பெயர்.
ஊர் அந்தப் பக்கம். கிணறும் அந்தப் பக்கம்.
எட்டி நின்று கையேந்தினால்
மேலிருந்து ஊற்றுவார்களாம்.
கல் கொத்தியவர்களில் எவன்
எந்த மத்தியானத்தில்
அந்தக் கோட்டை முதலில் கீறினான் என்பது
எந்தத் தட்டிலும் முளைப்பதில்லை.

எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு.
அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது.
கட்டத்துக்குள் எழுதினேன், குடிக்க உகந்ததல்ல.
முத்திரை குத்தினேன்.
பிறகு, விதிப்படி,
தட்டுகளை ஆட்டோகிளேவில் அடுக்கினேன்.
நூற்று இருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம்.
குக்கர் மாதிரிதான், விசில் மட்டும் கிடையாது.
மூடியைத் திருகும்முன்
கை கொஞ்சம் தயங்கியது. அவ்வளவுதான்.

வெள்ளைக் கல்லை அவர் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.
அடுத்த பாட்டில் ஹெப்பால், தொள்ளாயிரம் அடி.
டேப்பைக் கீறினேன்.
இன்னும் கூர்.