அடிக்குறிப்பு இருபத்து மூன்று

புத்தக மதிப்பு எழுபத்தொரு காசு.
வெள்ளிக்கிழமை முடிவு விலை
ஒரு வெள்ளி எண்பத்து நான்கு.
நடுவில் நிற்கும் ஒரு வெள்ளி பதின்மூன்று காசுக்கு
என்ன பெயர் வைப்பது?

'வளர்ச்சி' என்றார் தரகர்.
'எல்லாரும் வாங்குறாங்க' என்றான்
பக்கத்து மேசை ஹஃபீஸ்.
நான் அறுபத்திரண்டில் வாங்கியவள்.
எட்டாயிரம் பங்கு.
ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படிக்கிறவள்.

நூற்றுப் பதினான்காம் பக்கம், எறும்பெழுத்தில்:
'மறுசீரமைக்கப்பட்ட கடன்கள்.'
போன வருடத்தைப் போல் மூன்று மடங்கு.
வாராக்கடன் வரிசையில் மட்டும்
அதே பழைய எண்,
இஸ்திரி போட்டது போல.

சனிக்கிழமை ஜாலான் புசார் கிளைக்குப் போனேன்,
ஆள் எண்ண.
ஒருவர் கழிவறை கேட்டார்.
ஒருவர் குளிர்சாதனத்துக்காக உட்கார்ந்திருந்தார்.
மூன்றாமவர் இருதயசாமி,
எங்கள் புளோக் காப்பிக்கடைக்கு ஐஸ் இறக்குபவர்.
ஐம்பது, பத்து, கடைசியில் இரண்டு வெள்ளித் தாள்கள்.
எண்ணி முடித்து, குரலைத் தாழ்த்தி:
'மிச்சத்த அடுத்த மாசம் சேத்துக் கட்டிடவா, மிஸ்?'

அந்தப் பெண் தலைநிமிராமல் தட்டினாள்.
கடன் நீண்டது. வட்டி ஏறியது.
அவர் கெஞ்சி வாங்கிய ஒரு மாதம்
இந்தக் காலாண்டின் லாபத்தில்
சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

திரும்பும்போது ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
கடன் நூறு வெள்ளி என்றால்
சொந்த முதல் பன்னிரண்டு.
நூறில் ஐந்து பேர் கைவிரித்தால்,
லாரியைப் பிடித்து விற்று
பாதியை மீட்டாலும்,
எழுபத்தொன்று ஐம்பத்தாறாகும்.
நூறில் ஐந்து.
நான் பார்த்ததோ ஒரே ஒருவரை.
அதுவும் ஒரு சாட்சியா?

பாதியை விற்றேன்.
மீதியை ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள்;
மே மாதம் ஈவுத்தொகை வரும்.

செவ்வாய்க்கிழமை விலை ஒன்று தொண்ணூற்றொன்று.
ஹஃபீஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான்,
பாவம் என்பது போல.

விடிகாலை, கீழே லாரி.
இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.
சாக்குச் சாக்காக ஐஸ் இறங்குகிறது.
எடை ஆலையில் போட்டது,
காசு அந்த எடைக்கு.
துவாஸிலிருந்து வழியெல்லாம் சொட்டியதை
யாரும் கேட்பதில்லை.
'சீக்கிரம் பிடிங்க' என்கிறார்.
நான் லிஃப்ட் கதவில் நின்று
அவர் டயர்களைப் பார்க்கிறேன்.
பின்பக்கம் இரண்டும் வழுக்கை.