லண்டன்பேட்டைக்கு ஒரு கிரைண்டர்

மூங்கில் இலை டிசைன் கேட் அது,
பழையபேட்டை மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு.
பதினேழாவது இலையில்
கிரைண்டர் நின்றது.
ஷெட் முழுக்க
வார்னிஷ் கருகிய வாசம்.

கழற்றிப் பார்த்தேன்.
ஒரு பாகத்திலும் ஒரு பெயரில்லை.
ஏழு மாதம்கூட ஆகவில்லை.
"இதெல்லாம் போனா போனதுதாங்க்கா,
புதுசு எடுத்துக்குங்க"
என்றான் விற்றவனே.

எனக்கு நாட்டுப்பற்று என்று
தனியாக எதுவும் கிடையாது.
ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடிக்கம்பம் செய்து கொடுத்து
பாதிப் பணம் இன்னும் வரவில்லை.
எனக்கு வேண்டியதெல்லாம்
கெட்டுப்போனால் திட்டுவதற்கு
பஸ் போகும் தூரத்தில் ஒருத்தர்.

பெங்களூர் ரோட்டில் முதல் கடை.
கிரைண்டர் என்றதும்
மாவரைக்கும் பக்கம் கை காட்டினார்.
இரும்பு அறுக்கிறது என்றேன்.
என் முழங்கையில் தீப்பொறி வைத்த
புள்ளிகளை எண்ணுவதுபோல் பார்த்தார்.
"நம்ம நாட்டுலயே செஞ்சதுன்னா
இதுதாங்க இருக்கு. கோயம்புத்தூர்.
ரெண்டு லிட்டர்."

அடுத்த கடையில்
பெட்டியெல்லாம் மூவர்ணம்.
கீழே, எறும்பு படிக்கும் எழுத்தில்,
இறக்குமதி செய்து இங்கே பொட்டலமிட்டது.
அட்டை மட்டும் சுதேசி.

குல்சார் பாய் கடையில் சிரித்தேவிட்டார்.
"லண்டன்பேட்டையில உக்காந்துக்கிட்டு
உள்ளூர் சரக்கு தேடுறியேம்மா.
மாங்கா கேளு, தரேன்."
சிரித்து முடித்து
பழைய பில்லின் பின்பக்கம் எழுதினார்:
ஓசூர், சிப்காட்,
தண்ணீர் டேங்குக்கு எதிர் சந்து.

சூளகிரியில் ஒரு மணி நேரம் நின்றது பஸ்.
கொத்தமல்லி வண்டி ஒன்று கவிழ்ந்து
நெடுஞ்சாலை முழுக்க ரசம் மணந்தது.

சந்துக்குள் ஒரு ஷெட். பலகை இல்லை.
திம்மராயன் என்பவர்
மெஷினைப் பிரித்து மேசையில் பரப்பினார்,
மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டுவதுபோல.
"ஆர்மேச்சர் இங்கதான் சுத்துறோம்,
அதோ, அந்த நீலவேணி.
கியர் பக்கத்துச் சந்து.
பாடி நம்ம அச்சு.
பேரிங் புனே."
சுவிட்ச்?
கொஞ்சம் இருமினார்.
"அது மட்டும் கேக்காதீங்க."

தூக்கினேன், கனம்.
ஓட்டினேன், அரிசி மில்லுக்கு அண்ணன்.
எழுநூறு ரூபாய் அதிகம்.
முந்நூறு குறைத்தார்,
அதுவும் பொய் சொல்லாமல் இருமியதற்காக
நான் மேற்கொண்டு பேசவில்லை.

பெட்டிமேல் ஒரு நம்பர்,
சேவைக்கு அழைக்கவும் என்று.
இந்த நம்பர்களை எனக்குத் தெரியும்.
ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து,
அப்புறம் முடியாத ஒரு வயலின்.
அங்கேயே நின்று அடித்துப் பார்த்தேன்.

ஷெட்டின் பின்னால்
வார்னிஷ் டின்மேல் இருந்த போன் அலறியது.
நீலவேணி எழுந்து
தாமிரத் தூள் ஒட்டிய கையைத் துடைத்து
எடுத்தாள்.
"சொல்லுங்க" என்றாள்
என்னைப் பார்த்தபடியே.
"ஒண்ணுமில்ல, சும்மா" என்றேன் நானும்
போனிலேயே.

திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்து சீட்டு அம்மா கேட்டாள்,
மிக்ஸியா?
ஆமாம் என்றேன். களைப்பு.

கேட்டில் இப்போது நாற்பது இலை.
மருந்துக்கடைக்காரருக்கு
அத்தனையும் ஒரே மாதிரி இருப்பதாகக் குறை.

பத்தொன்பதாம் நாள் சுவிட்ச் போனது.
இரண்டாவது மணிக்கு எடுத்தாள்.
நான் இன்னும் பெயர் சொல்லவில்லை.

"லண்டன்பேட்டை அக்காவா? சுவிட்ச்தானே?
சாயந்திர பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து விடுறேன்.
திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க,
அண்ணன் டீ குடிக்கப் போயிருக்காரு."