பதினேழாவது பொருள்

பூட்டை உடைத்தது ஹேவகே சார்ஜன்ட்.
உடைக்க அதில் அதிகம் இருக்கவில்லை.
வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கைகளில்
இரும்பில் பாதியை உப்பே தின்றுவிடும்.

கிராம சேவகர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.
வீட்டுக்காரர் பேரின்பநாயகம்
மூன்று மாத வாடகையை
விரலில் எண்ணிக் காட்டினார், மறுபடியும்.
நான் எழுதினேன்.
நிலையத்தில் இரண்டு மொழியும் எழுதக்கூடியவள் நான் ஒருத்தி,
பசறைக்காரி.
சிங்களத்தில் எழுதித் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும்.

ஒன்று: றைஸ் குக்கர், மூடி இல்லை.
இரண்டு: கேஸ் சிலிண்டர்.
சார்ஜன்ட் அதைத் தூக்கிப் பார்த்தார்,
கிளினிக்கில் பிள்ளையைத் தூக்குவதுபோல.
"பாதி இருக்கு."
பாதி என்று எழுதவா சேர்?
"சிலிண்டர் என்று மட்டும் எழுது, நங்கி."
எழுதினேன். பிறகு, அவர் குளியலறையைப் பார்க்கப் போனபோது,
பக்கத்தில் சின்னதாகப் பாதி என்றும் எழுதினேன்.

மூன்றிலிருந்து ஒன்பதுவரை உடுப்பு.
பத்து: குளிருக்குப் போடும் ஜாக்கெட், விலைச்சீட்டோடு.
ருமேனியாவுக்கென்று வாங்கிவிட்டுக்
கட்டாருக்குப் போனானோ,
ஜாக்கெட் வாங்கிய காசே ஏஜென்சிக்காரனுக்குக் குறைந்ததோ.

பன்னிரண்டு: குடியிருப்பாளர் பதிவுப் படிவம், பிரதி.
பெயர் நிரோசன். ஊர் முழங்காவில்.
தங்கும் காரணம்: வேலை.
எவ்வளவு காலம்: தெரியாது.
கீழே இருந்த முத்திரை எங்கள் நிலையத்தினுடையது.
வந்ததை எங்களுக்கு அறிவித்திருக்கிறான்.
போவதை அறிவிக்க எங்களிடம் படிவம் இல்லை.

பதினேழு.
யன்னல் விளிம்பில் ஊறுகாய்ப் போத்தல்,
அதற்குள் கறுத்த மீன் ஒன்று,
வாலை விரித்துச் சார்ஜன்டோடு சண்டைக்கு வந்தது.

யாரும் பேசவில்லை.
தண்ணீர் தெளிவாக இருந்தது.

"மூன்று மாதமாகக் கதவே திறக்கவில்லை என்றீர்கள்?"
பேரின்பநாயகம் கடலைப் பார்த்தார்.
தெகிவளைப் பக்கம் போன ரயில்
கடைசிப் பெட்டிவரை போய் முடியும்வரை பார்த்தார்.
சட்டைப்பையில், மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால்,
மீன்தீனிப் பைக்கற்றின் சிவப்பு மூலை.

என்னிடம் தமிழில் சொன்னார்:
"வாடகை வேற பிள்ளை. இது வேற."
என்ன சொல்கிறார் என்று சார்ஜன்ட் கேட்டார்.
ஒன்றுமில்லையாம் சேர், என்றேன்.
என் சேவைக்காலத்தில் நான் தெரிந்தே செய்த
முதல் மொழிபெயர்ப்புப் பிழை.

சாவி இருந்தும் பூட்டை உடைப்பித்த மனிதர்.
அவர் திறந்து ஒரு கோப்பையை எடுத்தாலும் களவு.
நாங்கள் உடைத்து எல்லாவற்றையும் ஏற்றினால் கடமை.

களஞ்சிய அறையில் இடமில்லை.
ஏற்கெனவே போனவர்களின் மெத்தைகள்,
இலக்கம் ஒட்டிய மின்விசிறிகள்,
யாரோ ஒருத்தியின் தையல் மெஷின்.
நீதவானின் கட்டளை வரும், பிறகு ஏலம் வரும்.
இரண்டும் வராமல் எலி வரும்.
சிலிண்டர் மட்டும் அந்த அறைவரை போகவில்லை.
வெள்ளிக்கிழமை குசினியில் தேநீர் நன்றாகக் கொதித்தது,
நானும் ஒரு கோப்பை குடித்தேன்.

மீனுக்குப் புத்தகத்தில் நிரல் இல்லை.
போத்தல், கண்ணாடி, ஒன்று
என்றுதான் பதிந்திருக்கிறேன்.
அது என் மேசையில் நிற்கிறது.
தீனி முடிந்த அன்று மாலுபாணில் ஒரு துகள் போட்டேன்.
உள்ளே என்ன இருக்கிறதென்று கேளாமல் தின்றது.

செவ்வாய்தோறும் வருகிறார் பேரின்பநாயகம்,
முறைப்பாட்டின் நிலை அறிய.
வாங்கில் உட்காருவதில்லை.
நேரே மேசைக்கு வந்து குனிந்து,
"தண்ணி மாத்தினீங்களோ?"
நேற்று, சேர்.
"குழாய்த் தண்ணியை அப்படியே விடக்கூடாது. ஒரு நாள் வச்சிட்டு விடுங்கோ."

வாடகையைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.
நான் பேனையை எடுத்துப் பதிகிறேன்:
காலை 9.40. முறைப்பாட்டாளர் சமுகமளித்தார்.