அவுட்டோர் எங்கே வைப்பது

இன்ஸ்டாலேஷன் இலவசம் என்றுதான்
மன்னார்குடிக் கடையில் சொன்னார்கள்.
ரசீதிலும் இருந்தது,
பொடி எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு.
அந்த நட்சத்திரம் மறுநாள்
முத்துப்பேட்டையிலிருந்து பைக்கில் வந்து இறங்கியது.
பெயர் ஜபருல்லா.
சுவரை விரலால் தட்டிப் பார்த்து
"ஓட்டைக்கு நானூறு" என்றார்.

பத்தடிக் குழாய் பெட்டியிலேயே வருமாம்.
எங்கள் சுவர் பதினாறு கேட்டது.
மிச்சத்துக்கு அடிக்கு எழுநூறு.
வடிவேலன் வாய்க்குள் முணுமுணுத்தார்:
எழுபது மூட்டை.
கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குப் பத்து ரூபாய் அவருக்கு.
ஸ்டாண்டு, அது எண்பத்தைந்து மூட்டை.
ஸ்டெபிலைசரைக் கேட்டபோது
எண்ணுவதை விட்டுவிட்டார்.
மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுக்கணும்க்கா,
இந்த ஒயரு தாங்காது.
என் ஜிமிக்கி தாங்கியது,
சொசைட்டியில் வைத்தேன்.

ஆசைக்கு வாங்கவில்லை.
போன சித்திரையில், களத்தில்,
தோளில் மூட்டையோடு விழுந்தார்.
"பகல்ல விடுங்க, ராத்திரியிலாவது உடம்பு ஆறணும்"
என்றார் திருத்துறைப்பூண்டி டாக்டர்.
கஜா கூரையைத் தூக்கிப் போனபின்
கடன் வாங்கிப் போட்ட கான்கிரீட் தளம் எங்களுடையது.
விடிய விடிய அது
பகலைக் கக்கிக்கொண்டிருக்கும்.

"அவுட்டோர் எங்க வைக்கிறது?"

மேற்கே வெயில், மெஷின் சீக்கிரம் போய்விடும்.
தெற்கே வாய்க்கால் கரை, பஞ்சாயத்து இடம்.
மாடி என்றால் இன்னும் பன்னிரண்டு அடி.
பன்னிரண்டை எழுபதால் பெருக்க
எங்கள் இருவருக்கும் மனமில்லை.
மிச்சம் கிழக்கு.
கிழக்கே மூன்றடிச் சந்து,
சந்துக்கு அப்பால் தையல்நாயகியின் ஜன்னல்.

"இது குளிரெல்லாம் செய்யாதுக்கா," ஜபருல்லா
நட்டை முறுக்கிக்கொண்டே சொன்னார்.
"உள்ள இருக்கிற சூட்டை
எடுத்து வெளிய போடும். அவ்வளவுதான்."

நாங்கள் கடைமடைக்காரர்கள்.
மேட்டூர் திறந்த சேதி வந்து
இருபது நாள் கழித்தே எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரியும்.
மேலே உள்ளவன் மடையைத் திருப்பினால்
கீழே என்ன ஆகும் என்று
எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.
கடைமடைக்கும் ஒரு கடைமடை உண்டு.
பச்சை பெயிண்ட் அடித்தது,
ஒரு கம்பி வளைந்தது.

அவள் சண்டைக்கு வரவில்லை.
சொட்டுகிற குழாய்க்கு அடியில் வாளி வைத்தாள்,
"நல்ல தண்ணிதானே."
நாலாம் நாள் ஜன்னலைச் சாத்தினாள்.
பிறகு அதன்மேல் ஒரு பழைய பேனரை அடித்தாள்.
யாரோ ஒரு பிள்ளையின் காதுகுத்து விழா,
தலைகீழாக எங்களைப் பார்த்துச் சிரித்தது.
எதிரே பார்த்தால் தலையசைப்பாள்.
பேச்சு மட்டும் நின்றுபோனது.

வடிவேலன் தூங்கினார், அதை மறைப்பதற்கில்லை.
வாய் திறந்து, கை விரித்து,
கல்யாணமான பதினொரு வருடத்தில்
நான் பார்க்காத தூக்கம்.
நான்தான் விழித்திருந்தேன்,
ஐநூறு யூனிட் தாண்டினால் என்ன ஆகும் என்று
போர்வைக்குள் விரல் மடித்தபடி.

மூன்றாம் வாரம், ஒரு மணி இருக்கும்,
கரண்ட் போனது.
கொஞ்ச நேரத்தில் தளம் இறங்கி வந்து
எங்கள் மேல் படுத்தது.
ஜன்னலைத் திறந்தேன்.
எதிரே பேனர் சரசரத்தது,
காதுகுத்துப் பிள்ளையை ஒரு கை ஒதுக்கியது.

"ஒங்களுக்கும் போயிருச்சா?"

"ஆமாக்கா."

"நம்ம ட்ரான்ஸ்ஃபார்மராத்தான் இருக்கும்."
பிறகு ஏதோ பேசினோம்,
உளுந்து விலை, அவள் மருமகளின் பல்வலி.
முகம் தெரியாத இருட்டு வசதியாக இருந்தது.

இரண்டே முக்காலுக்கு வந்தது கரண்ட்.
மெஷின் பீப் என்றது.
ஜன்னலை யார் சாத்துவது?
அவர் தூங்குவதுபோல் கிடந்தார்,
நானும்.
குளிர் மெல்ல எழுந்து
சந்துக்குள் போனது.
மீட்டர் ஓடியது.