ஹாஸ்பர்

விவாகரத்துப் பத்திரத்தில் பதினேழு பொருள்கள்.
படகு அவனுக்கு. அடுப்பும் நாயும் எனக்கு.
தையல் இயந்திரத்துக்காக ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டினோம்,
இருவருக்குமே தைக்கத் தெரியாது.
ஜெயித்தது நான்.
ஹாஸ்பர் யாருக்கென்று
வக்கீல் கேட்கவில்லை.

தட்டில் கடைசியாக மிஞ்சி,
எல்லோரும் பார்த்தும் யாரும் எடுக்காமல்
கூச்சத்தில் குளிர்ந்து கிடக்கும் ஒற்றைத் துண்டு,
ஹெர்ரிங் மீனோ, ஆப்பிள் கேக்கோ,
ஸ்விக்கர் வீட்டில் அதற்குப் பெயர் ஹாஸ்பர்.

நோவா ஸ்கோஷியாவில் எங்கள் கரைப்பக்கம்
திரும்பி வராததை நம்பியவனை
'பனிமூட்டத்துக்குக் கடன் கொடுத்தான்' என்பார்கள்.
அது ஊர்ச்சொல். யாரும் யாரையும் சொல்லலாம்.
என் கல்யாணத்தைப் பற்றியும்
மீன்கடையில் அதைத்தான் சொன்னார்கள்.
ஹாஸ்பர் அப்படியில்லை.
கதவைச் சாத்திக்கொண்ட பிறகு புழங்குகிற சொல்.

எங்கிருந்து வந்ததென்று
மருமகளாய்ப் போன புதிதில் கேட்டேன்.
ஜெர்மன் சொல், கப்பலில் வந்தது என்றார் மாமனார்.
அகராதியில் இல்லை.
செத்துப்போன நாயின் பெயர் என்றாள் நாத்தனார் வில்ஹெல்மினா.
ஆர்வின் மட்டும்,
"சொல்லுக்கு எதுக்கு அப்பன் பேரு?"

கையோடு கொண்டுவந்துவிட்டேன்.
அடுத்த வீட்டில், அடுத்த கணவனோடு,
ஸ்விக்கர் ரத்தம் ஒரு சொட்டும் இல்லாத என் மகன் கார்வின்
பால் பல்லோடு அதைச் சொன்னான்.
இப்போது ஹாலிஃபாக்ஸ் விடுதியில் ஏழு பையன்கள் சொல்கிறார்கள்,
ஒருவன் லாகோஸ்காரன்.
குளிர்பெட்டியில் எழுத்துப்பிழையோடு ஒரு சீட்டு:
ஹாஸ்பரை எடுப்பவன் பாத்திரம் கழுவ வேண்டும்.

போன பிப்ரவரியில் தையல் இயந்திரத்தை விற்க
முதன்முறையாக அதன் இழுப்பறையை முழுக்க இழுத்தேன்.
அடியில் ஒரு கணக்குப் புத்தகம்.
உப்பு, தார், வலைநூல், பிறகு

*ஹாஸ்பர். வயது பதினொன்று. விடுதிப் பையன்.
கூலி இல்லை, சாப்பாடு மட்டும்.*

*பையன் தினமும் ஒரு துண்டு மிச்சம் வைக்கிறான்.
கேட்டால் நாளைக்கு என்கிறான்.
மேஜையில் எல்லோரும் சிரிப்பு.*

*சட்டைப்பையில் மீன். அடித்தாயிற்று.*

*நவம்பர் 9. ஓடிவிட்டான்.
பூட்ஸ் ஒரு ஜோடி நஷ்டம்.*

அதன் கீழே மறுபடி உப்பு, தார்.

பதினான்கு வருடம் கழித்து ஆர்வினைக் கூப்பிட்டேன்.
வாசித்து முடித்தபோது
அவன் படகு எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது.
"அம்மாகிட்ட சொல்லாதே."
பிறகு,
"அப்போ இனிமே அதை என்னன்னு கூப்பிடறது?"
எனக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார்வின் வந்திருந்தான்.
உருளைக்கிழங்கு அடை ஒன்று மிஞ்சியது.
"ஹாஸ்பர் யாருக்கும்மா?"
சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன்,
திறந்த வாயில் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.
ஆறிப்போயிருந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல்.
விதிப்படி
பாத்திரம் என் பொறுப்பு.