கன்ஃபெத்

இரண்டு பழைய டயர்களுக்கு மாற்றாக
பெக்சுல்தான் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தான்.
கண் திறந்து நான்கு நாளாம்.
வளையில் இருந்த மீதி ஐந்தும் யாரிடம் போயின
என்று நான் கேட்கவில்லை.
கரகாண்டி சாலையில் பனி உருகாத ஏப்ரல்.
ரஷ்ய மொழியில் மிட்டாய்க்கு என்ன பெயரோ
அதையே வைத்தாள் ஐசெரே: கன்ஃபெத்.

முதல் குளிர்காலம் முழுக்க அடுப்போரம்,
அவள் காலுறைக்குள் மூக்கை நுழைத்துத் தூங்கும்.
அயலூரிலிருந்தெல்லாம் வந்து படம் எடுத்துப் போனார்கள்.
குதிரைப் பால் குடித்த ஒருவர்
வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்,
எந்த நாய்க்கு வரும் இந்த விசுவாசம்!

கழுத்துப் பட்டியில் ஆணியைக் காய்ச்சி
மூன்று முறை புதுத் துளை போட்டோம்.
மூன்று முறையும் பெருமைதான் எங்களுக்கு.

அது குரைக்காது.
கையை நீட்டினால் கையைப் பார்க்காது,
நடையைப் பார்க்கும்.
நொண்டும் ஆட்டை,
இருமிக்கொண்டு போகும் தபால்காரரை,
ஓடும்போது ஐசெரேயை.
சொன்னேன். சிரித்தான்.

அடுத்த ஜனவரி.
எலும்பு வாளியோடு போனவன்
உறைபனியில் வழுக்கி விழுந்தான்.
அவ்வளவுதான்.
உறுமல் இல்லை. கோபம் இல்லை.
பால் புகட்டிய கை எதுவென்று
அதற்கு நன்றாகத் தெரியும்.
கை கீழே கிடந்தது.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது
என்று கடாவைச் சொல்லலாம்.
கடாவின் பாட்டனுக்குப் பாட்டனும்
தொழுவத்தில் பிறந்தவன்.

இருபத்தொரு தையல்.
இரண்டு விரல்களை ஒட்ட முடியவில்லை.
என்ன கடித்தது என்றாள் நர்ஸ்.
நான் வாய் திறப்பதற்குள்
எழுதிவிட்டாள்: நாய்.

துப்பாக்கியோடு மைத்துனன் வந்தான்.
பெக்சுல்தான் அவனை நிறுத்திவிட்டு,
கட்டுப்போட்ட கையால் தடவித் தடவிப்
பட்டியை அவிழ்த்தான்.
போ என்றான்.
புல்வெளி வானம் வரைக்கும் திறந்து கிடந்தது.

கன்ஃபெத் ஏழடி நடந்தது.
சங்கிலி முடிகிற இடத்தில் நின்றது.
பிறகு திரும்பி,
பனியில் தானே தேய்த்து வைத்திருந்த வட்டத்தில்
சுற்றத் தொடங்கியது.

மைத்துனன் என்னைப் பார்த்தான்.
நான் ஐசெரேயை உள்ளே இழுத்துக்கொண்டு
கதவைச் சாத்தினேன்.
அவள் அழவில்லை.
உறைந்த சன்னல் கண்ணாடியில்
மூச்சை ஊதி ஊதி
ஒரு துளை போட்டுக்கொண்டிருந்தாள்.