பன்னிரண்டாம் தடவை

கிச்சனரில் பனி கொட்டுகிறது.
ஆர்கன் பெட்டிக்குள் கைநுழைத்து
டைட்டானியத் தூளைச் சலிக்கிறேன்.

லேசர் தொட்டது
யாருக்கோ இடுப்பு மூட்டாகிப் போய்விட்டது.
இது மிச்சம்.
விடிய விடிய நெருப்புக்குப் பக்கத்தில் கிடந்தும்
உருகாதது.
சும்மாவும் கிடக்கவில்லை:
ஒவ்வோர் இரவும் ஒரு மிடறு ஒட்சிசனைக்
களவாகக் குடித்திருக்கிறது.

அறிக்கையில் தசம் ஒன்று ஒன்பது.
எல்லை தசம் இரண்டு.
‘பாதிக்குப் பாதி புதுசு கல,
இன்னும் இரண்டு தடவை தாங்கும்’
என்கிறாள் டோரீன்,
கோப்பியை ஊதிக்கொண்டே.

அரிதட்டில் தங்கியவை
தெறித்த வேகத்தில்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட குருணைகள்.
இனி எதற்குள்ளும் நுழையா.
நாற்பத்தொரு கிராம். எழுதியாயிற்று.

பன்னிரண்டு தடவை சலித்தும்
தூளுக்குச் சலிக்கவில்லை.
அதிகாலை மூன்று மணி.
எனக்குத்தான்.